ஆர்வோவின் கம்ப்யூட்டர்

"முடியாதுன்னா முடியாது! புது வண்டி வாங்கி வாசல்ல நிறுத்தினவன், உடனே என்ஜினைக் கழட்டி வேற மாட்டுவானா?"

ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே ஆர்வோ காலைச் சண்டையைத் தொடங்கினார்.

"வண்டியும் இதுவும் ஒண்ணா?" என்றாள் அவர் மனைவி ரைலி. "கம்ப்யூட்டர்தான் புதுசு, உள்ள இருக்கிற சிஸ்டம் பழசு. புதுசை இலவசமாவே போட்டுக்கலாம்னு வித்தவனே சொன்னான். வின்னிபெக்ல இருந்து நம்ம பொண்ணும் அதையேதான் சொல்றா. ஊர்ல எல்லாரும் மாத்தியாச்சு."

"ஊர்ல எல்லாரும் என்ன வேணா பண்ணட்டும்."

"பழசுக்குப் பாதுகாப்பு இல்லையாம். திருடன் உள்ள புகுந்து பேங்க் கணக்கைத் துடைச்சுட்டுப் போயிடுவானாம்."

"நம்ம கணக்கைப் பார்த்தா அவனே பாவப்பட்டு ஏதாவது போட்டுட்டுப் போவான்."

ரைலிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"தினமும் 'மாத்து மாத்து'ன்னு திரையில ஒரு அறிவிப்பு வந்துதே, இப்ப வருதா பார்த்தியா?" ஆர்வோ மேசையைத் தட்டினார். "என் குணம் தெரிஞ்சு அதுவே அடங்கிடுச்சு. உனக்குத்தான் இன்னும் தெரியல. என் மெஷின்ல என்னைக் கேக்காம ஒருத்தரும் கை வைக்க முடியாது!"

"பிடிவாதக் கிழவா!"

"பயந்தாங்கொள்ளிக் கிழவி!"

சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கம்பளித் தொப்பியை மாட்டினார். இரவெல்லாம் பெய்த பனி வண்டிப் பாதையை மூடியிருந்தது. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

அவருக்கு இரண்டாவது கோப்பை காபி ஊற்றிவைத்துவிட்டு ரைலி வெளியே பார்த்தபோது, மண்வெட்டி பனியில் குத்திட்டு நின்றது. பக்கத்தில் ஆர்வோ விழுந்து கிடந்தார்.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் ரைலி முதலில் செய்தது, கம்ப்யூட்டரின் பிளக்கைப் பிடுங்கியதுதான். மின்சாரம் இருந்தால் இந்தக் காலத்துச் சாமான்கள் யாரையும் கேட்காமல் தாமாகவே மாற்றிக்கொள்ளும் என்று கேள்விப்பட்டிருந்தாள். ஆர்வோவின் ஸ்வெட்டரை அதன் மேல் போர்த்தினாள். அதற்குப் பிறகு யாரையும் அதைத் தொட விடவில்லை.

ஏப்ரலில் பனி உருகி, கனடாவின் தண்டர் பே நகரத் தெருக்களெல்லாம் சேறாகக் கிடந்தபோது மகள் கிறிஸ்டா வந்தாள்.

"அம்மா, அப்பாவோட வரிக் கணக்கு இதுலதான் இருக்கு. இந்த மாசக் கடைசிக்குள்ள அனுப்பியாகணும். அப்படியே புது சிஸ்டத்தையும் போட்டு விட்டுடறேன்."

"வரிக் கணக்கை எடுத்துக்கோ. சிஸ்டத்துல கை வெச்சே, வின்னிபெக்குக்கு நீ நடந்துதான் போவே."

"என்னம்மா இது? மாத்து மாத்துன்னு அப்பா உயிரை எடுத்தவளே நீதானே?"

சொன்ன பிறகுதான் கிறிஸ்டாவுக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"ஆமா, எடுத்தேன்." ரைலி குரலை உயர்த்தவில்லை. "அதனாலதான் சொல்றேன். அவர் எங்கிட்ட கடைசியாப் போட்ட சண்டை இதுக்காகத்தான். அவர் சார்பா இனிமே சண்டை போட அவர் இல்ல. அதனால நான் போடறேன்."

"ஆபத்தும்மா. பேங்க் கணக்கெல்லாம் இதுல..."

"வரட்டும் திருடன். நான் இங்கேதான் உக்காந்திருக்கேன்."

கிறிஸ்டா வேறு வழியில்லாமல் ஒப்புக்கொண்டாள். ரைலி ஸ்வெட்டரை எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். இணைய வயரைத் தானே கழற்றி, அதன் முனையைக் கைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"இப்ப பிளக்கை மாட்டிப் போடு."

திரை ஒளிர்ந்தது. ஆர்வோ படகிலிருந்து எடுத்த ஏரிப் படம். இடது மூலையில் எப்போதும் இருக்கும் அதே ஸ்டார்ட் பட்டன்.

"பார்த்தியா? எல்லாம் வெச்சது வெச்சபடி இருக்கு," என்றாள் ரைலி, தானே காவல் நின்று காப்பாற்றிய பெருமையோடு.

கிறிஸ்டா வரிக் கணக்கைத் தேடினாள். ஒன்றை அழுத்தினாள். இன்னொன்றைத் திறந்தாள். அப்புறம் மவுசிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

"அம்மா, இது புதுசு."

"புதுசுதான். அக்டோபர்ல வாங்கினோம்."

"கம்ப்யூட்டரைச் சொல்லல. சிஸ்டம்."

"எப்படி மாறும்? வயர் என் கையில இருக்கு!"

"இப்ப மாறலம்மா. அப்பாவே மாத்தியிருக்கார். நவம்பர்ல, ஒரு ஞாயித்துக்கிழமை காலையில. நீ சர்ச்சுக்குப் போயிருந்திருப்பே." கிறிஸ்டா திரையில் இருந்த தேதியைத் தொட்டுக் காட்டினாள். "மாத்திட்டு, உனக்குத் தெரியக் கூடாதுன்னு படத்தையும் பட்டனையும் தேடிப் பிடிச்சுப் பழைய இடத்துலயே வெச்சிருக்கார்."

நவம்பருக்கு அப்புறம் கிறிஸ்துமஸ் வந்தது, புத்தாண்டு வந்தது, பிப்ரவரியில் அவர் பனியில் விழுந்த அந்தக் காலை வரை எத்தனையோ காலைகள் வந்தன. எல்லாக் காலையிலும் அந்த மனிதர் மேசையைத் தட்டியிருந்தார்.

ரைலி கையிலிருந்த வயரை மெதுவாக அதன் இடத்தில் செருகினாள்.

"இது நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும்," என்றாள் மகளிடம்.

அடுத்த வாரம் பேக்கரியில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது, ஆர்வோவோடு காகித ஆலையில் வேலை பார்த்த ஒருவர் அவர் கடைசியில் அந்தக் கம்ப்யூட்டர் சிஸ்டத்தை மாற்றினாரா என்று பேச்சுவாக்கில் கேட்டார்.

"ஆர்வோவா?" ரைலி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கடைசி வரைக்கும் மாத்தவே இல்ல."