திட்டுவதற்கு முன் ஒரு மன்னிப்பு

ஒசாகாவே நடுங்கிய இனவெறியன் ஒருவனை, ஒரு பெட்டி இனிப்பை வைத்தே திருத்தியவன் நான் என்று ஆரம்பித்தேன்.

“ரிட்டயர் ஆனதுலேர்ந்து உன் புளுகு கூடிப்போச்சு,” என்றான் மதுக்கடையில் பக்கத்தில் இருந்த குவபாரா.

“கேளுடா. ‘கொரியாக்காரங்க நாட்டை விட்டு ஓடுங்க’ன்னு மைக்குல கத்த, முந்தின நாளே எங்க கொரியாக்காரத் தெருவைப் பார்க்க வந்தான். ‘தம்பி, நாளைக்குச் சத்தம் போடப்போறே. சத்தம் போடறவன் முன்னாடியே அக்கம்பக்கத்துல மன்னிப்புக் கேக்கறதுதானே ஜப்பான் வழக்கம், இன்னைக்கே வீடு வீடா இனிப்புக் கொடுத்துக் கேட்டுடு’ன்னேன். ஜப்பான்காரனாச்சே, தலையாட்டிட்டுப் போனான்.”

“திட்டறதுக்கு எவனாவது முன்கூட்டி மன்னிப்புக் கேப்பானா?”

“கேட்டானே. நாற்பது வீட்டுலயும் உட்கார வச்சுக் கிம்ச்சி ஊறுகாயும் சோறும் போட்டாங்க. நாற்பதாவது வீட்டுல ஓன்னு அழுது, கூட்டமே வேண்டாம்னுட்டான்.”

கடைக்காரி யோங்-சுக் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். குவபாராவின் காது சிவந்தது.

“நாற்பதாவது வீடாம். மூணாவது வீட்டுலயே அழுதுட்டேன்யா.”