கடைசிப் பத்தொன்பது பாகங்கள்

கறுப்புக் கோட்டுக்காரர் அன்றைக்கும் எதிர்ப்பக்கத்து பஸ் தரிப்பில் நின்றார். பரமட்டாவுக்குப் போகிற பஸ் வந்தது, போனது. அவர் ஏறவில்லை. மூன்றாவது நாளாகக் கமலினியின் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சுன்ஜா, இங்க வந்து எட்டிப் பாருங்கோ. உங்கட நாட்டு ஆள் மாதிரிக் கிடக்கு."

பின்னறையில் வாடகைக்கு இருந்த கொரியப் பெண் வந்து திரைச்சீலையை ஒரு விரலால் விலக்கினாள். விரல் அப்படியே நின்றுவிட்டது.

"அக்கா, அந்த ஆள்தான். என்ர நாடகத்தை நிறுத்தச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவர்."

கமலினி போய்க் கதவுச் சங்கிலியை மாட்டினாள்.

சிட்னியின் மெரிலேண்ட்ஸ் பகுதியில் ஒரு தையல் தொழிற்சாலையில் சட்டைக் கொலர் தைக்கிற சுன்ஜா, சியோலில் பதினொரு வருடம் தொலைக்காட்சி நாடகம் எழுதியவள். கடைசியாக எழுதிய தொடர் ஓடுகிற நேரத்தில் தெருவில் ஆள் நடமாட்டமே இருக்காதாம். போருக்குப் போன கணவன் செத்துவிட்டான் என்று நம்பி ஒருத்தி மறுமணத்துக்குச் சம்மதிக்கிறாள். கல்யாணத்துக்கு முதல் நாள் படகில் யாரோ வந்து இறங்குகிறார்கள். அந்த இடத்தில் அரசாங்கம் தொடரை நிறுத்திவிட்டது. குடும்பப் பெண்களைக் கெடுக்கிறதாம்.

பிறகு நாலு நாள் விசாரணை. அதன் பிறகு அவளுக்கு எழுத வேலை கொடுக்க யாரும் துணியவில்லை. ஒளிபரப்பாத பத்தொன்பது பாகங்களையும் சூட்கேசின் அடியில் வைத்துக்கொண்டு சிட்னிக்கு விமானம் ஏறிவிட்டாள். அவளுக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல் 'அக்கா'. மற்றப் பேச்செல்லாம் இருவருக்கும் ஆங்கிலத்தில்தான். சுற்றுலா விசா முடிந்து ஏழு மாதமாகிறது என்பதையும் கமலினிக்கு மட்டும்தான் சொல்லியிருந்தாள்.

மத்தியானம் அழைப்பு மணி அடித்தது. கமலினி சங்கிலியைக் கழற்றாமல் கதவைத் திறந்தாள். கறுப்புக் கோட்டுக்காரர் குனிந்து வணங்கினார். நல்ல ஆங்கிலம் பேசினார்.

"ஓ சுன்ஜா இங்கதானே இருக்கிறா?"

"அப்பிடி ஒருத்தரும் இல்லை."

அவர் அதை நம்பியதாகத் தெரியவில்லை. "ஊரிலயிருந்து வரேக்க தாள் கட்டு ஏதும் கொண்டுவந்தவவோ? கையெழுத்துப் பிரதி?"

"ஒரு தாளும் இல்லை. உடுப்பு மட்டும்தான்." சொன்ன பிறகுதான் கமலினிக்கு நாக்கைக் கடிக்கத் தோன்றியது.

அவர் முகம் தொங்கிப்போயிற்று. கோபம் வரும் என்று பார்த்திருந்தவளுக்கு அது விசித்திரமாக இருந்தது. "வடிவாத் தேடிப் பாக்கச் சொல்லுங்கோ. நாளைக்கு வாறன்," என்றுவிட்டுப் படியிறங்கினார்.

சுன்ஜா குசினியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "தாளுக்குத்தான் வந்திருக்கிறார். அது கையில இருந்தா ஊருக்கு இழுத்துக்கொண்டு போக வேற சாட்சி தேவையில்லை. எரிச்சுப்போடுவம் அக்கா."

"விசரே உங்களுக்கு? என்ர அலுமாரிக்குள்ள, கூறைப் பெட்டிக்குக் கீழ வைக்கிறன். ஆர் வந்து பாக்கப் போறான்?"

"வேண்டாம். உங்கட வீட்டுக்கும் கரைச்சல்."

பின்வளவில் குப்பை எரிக்கிற செங்கல் அடுப்பு இருந்தது. சுன்ஜா ஒவ்வொரு பாகத்தையும் ஒரு தடவை வாசித்துவிட்டுத்தான் உள்ளே போட்டாள். சில இடங்களில் தானே சிரித்தாள். கடைசித் தாளை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தாள்.

"முடிவு என்னெண்டாவது எனக்குச் சொல்லுங்கோவன்," என்றாள் கமலினி.

சுன்ஜா தலையசைத்து மறுத்தாள். அந்தத் தாளும் சுருண்டு கறுத்தது. பதினொரு வருட எழுத்தில் மிச்சமாக இருந்தது அவ்வளவுதான்.

மறுநாள் காலை மணி அடித்தபோது சுன்ஜாவே போய்ச் சங்கிலியைக் கழற்றினாள். இனிப் பயப்பட என்ன இருக்கிறது? கமலினி ஒரு கையில் டெலிபோனைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றாள்.

கறுப்புக் கோட்டுக்காரர் இடுப்பு வரை குனிந்து வணங்கினார். கொரிய மொழியில் என்னவோ கேட்டார். சுன்ஜா கமலினியைத் திரும்பிப் பார்த்தாள்.

"என்னவாம்?"

"அரசாங்க வேலையாச் சிட்னிக்கு வந்தவராம். மிச்சப் பத்தொன்பது பாகமும் வேணுமாம்."

"எரிக்கவோ?"

"வாசிக்க."

சுன்ஜா பின்வளவைக் காட்டினாள். அவர் போய் அடுப்புக்குள் குனிந்து பார்த்தார். ஒரு குச்சியால் சாம்பலைக் கிளறினார். எழுத்தோடு ஒரு துண்டுகூட அகப்படவில்லை.

திரும்பி வந்தபோது கோட்டுக் கையெல்லாம் சாம்பல். முடிவைப் பார்த்து எழுதிக்கொண்டு போக வைத்திருந்த புதுக் கொப்பியையும் பேனையையும் எடுத்து, இரண்டு கைகளாலும் சுன்ஜாவிடம் நீட்டினார்.

கமலினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நிறுத்தினதும் நீங்கள், நாலு நாள் வைச்சு விசாரிச்சதும் உங்கட ஆக்கள். இப்ப எந்த முகத்தோட வந்து எழுதித் தரச் சொல்லிக் கேக்கிறியள்?"

அவர் நிமிர்ந்து பார்க்காமலே ஆங்கிலத்தில் பதில் சொன்னார்.

"முடிவைத் தெரிஞ்சுகொண்டு வராட்டி வீட்டுப் படி ஏறவேண்டாம் எண்டு என்ர மனிசி சொல்லிப்போட்டா, மேடம்."