ஆறு கல் தோடு

“மூக்குத்தி போட்டிருந்தா பொம்பளப் பிள்ளையா? எந்த ஊரு சட்டம்யா இது?”

அவள் போட்ட சத்தத்தில் ஸ்டேஷன் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

“ஏம்மா, நீ கத்துனா ஆம்பளப் பிள்ளையாயிருமா? ஃபைல்ல பெண் குழந்தைன்னுதான் இருக்கு.” ஏட்டின் குரலும் ஒன்றும் குறைச்சலில்லை.

துணைக்கு என்று சொல்லிக்கொண்டு தெருவிலிருந்து நாங்கள் நாலு பேர் போயிருந்தோம். வேடிக்கை பார்க்க என்று வெளியே சொல்ல முடியுமா.

சண்டை, பதினோரு வருஷத்துக்கு முன்னால் கல்குவாரியில் தண்ணீர் இறைத்தபோது கிடைத்த எலும்புகளைப் பற்றி.

நாலு வயதுக் குழந்தை. மண்டையில் அடி.

யார் பிள்ளை, யார் கொன்றது, இரண்டும் தெரியாமல் ஃபைல் தூங்கியது. புதிதாக வந்த இன்ஸ்பெக்டரம்மா அதை எழுப்பிச் சுவரெல்லாம் நோட்டீஸ் ஒட்டினார். ‘பெண் குழந்தை.’ கீழே, எலும்போடு கிடைத்த மூக்குத்தியின் கலர் படம். ஒற்றைச் சிவப்புக் கல். அதுவரை மூக்குத்தி விஷயம் வெளியே வந்ததில்லை.

காலையில் பால் வாங்கப் போனவள் அந்தப் படத்தைப் பார்த்தாள்.

தூக்குவாளியை அங்கேயே வைத்துவிட்டு நேரே ஸ்டேஷன்.

அவளுக்கு முதல் இரண்டும் தங்கவில்லை. மூன்றாவது பையன். இவனாவது நிலைக்கட்டும் என்று குப்பைமேட்டில் போட்டு எடுத்து, குப்பாண்டி என்று பெயர் வைத்து, மூக்கும் குத்தினாள். எமன் இவனைப் பெண் என்று நினைத்து விட்டுவிடுவானாம். எங்கள் பக்கத்து வழக்கம்.

தன் ஏழு கல் தோட்டில் ஒரு கல்லைப் பெயர்த்துத்தான் அந்த மூக்குத்தியைச் செய்தாள். கல் போன குழியில் அரக்கு அடைத்துக்கொண்டாள்.

‘ஆறுகல்லு’ என்று அவளுக்குப் பட்டப்பெயர் வைத்தது நாங்கள்தான். வாய் சும்மா இருக்குமா.

மூக்குக் குத்திய அன்று பிள்ளையை மடியில் வைத்திருந்தவன் தாய்மாமன் கொம்பையா. அவளுடைய ஒரே தம்பி. பயந்துபோன பிள்ளை அவன் வேட்டியை நனைத்ததைச் சொல்லி ரொம்ப நாள் சிரித்தோம்.

நாலு வயதில் பையன் காணாமல் போனான்.

இரண்டு வருஷம் கழித்து எலும்பு கிடைத்தபோதும் அவள் ஸ்டேஷனுக்கு ஓடினாள். “அது பொம்பளப் பிள்ளையாம்க்கா. நம்ம பய எங்கயாவது நல்லா இருப்பான், வா” என்று கையைப் பிடித்து வாசலோடு திருப்பிக் கூட்டி வந்தவன் கொம்பையா.

அதை நம்பித் தீபாவளிக்குத் தீபாவளி சட்டை எடுத்தாள். அளவைக் கூட்டிக் கூட்டி. போன தீபாவளிக்கு முழுக்கை.

“மீசை முளைச்சிருக்குமாக்கா?” என்று என்னிடம் கேட்டாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தேன்.

அதே பொம்பளை இன்று, அந்த எலும்பு என் பிள்ளைதான் என்று மல்லுக்கு நிற்கிறாள்.

தோற்றால் பிள்ளை எங்கோ இருக்கிறான். ஜெயித்தால் இல்லை.

எங்களுக்கானால், எது நடக்கும் என்று பார்க்கிற ஆவல்.

இன்ஸ்பெக்டரம்மா ஒரு சின்னக் கவரோடு வந்தார். அவள் தோட்டைத் திருகிக் கழற்றினாள். கொண்டை ஊசியால் அரக்கைச் சுரண்டி எடுத்தாள்.

தோட்டிலிருந்த ஆறு கல்லும் ஒரு பக்கம் லேசாக மழுங்கினவை.

மூக்குத்திக் கல்லும்.

குழியின் மேல் வைத்துப் பார்த்தார்கள். ஏட்டு தொப்பியைக் கழற்றிவிட்டார்.

“பெண்ணுன்னு யாருய்யா முடிவு பண்ணது?” என்றார் இன்ஸ்பெக்டரம்மா.

ஏட்டு பக்கம் புரட்டினார். அந்த வயது எலும்பில் ஆணா பெண்ணா சொல்ல முடியாது என்றுதான் டாக்டர் எழுதியிருந்தார். மூக்குத்தியைப் பார்த்துப் பெண் என்று கையெழுத்துப் போட்டவர்கள், குவாரியில் அன்று நின்ற ஐந்து பேர்.

பெயர்களை வாசித்தார். நாலு பேர் வெளியூர் லோடுமேன்கள்.

ஐந்தாவது, பாறை துளைக்கும் கம்ப்ரசர் வண்டி ஓட்டுகிற கொம்பையா.

நாங்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தோம்.

அவள் மட்டும் கேட்டாள். “கையெழுத்தா, கைநாட்டா?”

“கையெழுத்துதாம்மா.”

“அவனப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புனது நாந்தான்.”

ஜீப் அவன் வீட்டுக்குப் போனபோது கம்ப்ரசர் வண்டி இருந்தது. ஆள் இல்லை. எங்கள் நாலு பேரில் யாரோ, ஸ்டேஷன் வாசலில் நின்றே அவன் வீட்டுக்கு ஃபோன் போட்டு, இப்படியாமே என்று விசாரித்துவிட்டாள்.

யாரென்று தெரியவில்லை. எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாத ஒரே விஷயம் அதுதான். அன்று என் ஃபோனில் சார்ஜ் இல்லை என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டேன்.

அவளிடம் ரத்தம் எடுத்தார்கள். மூன்றாம் மாதம் சென்னையிலிருந்து காகிதம் வந்தது. அவள் பிள்ளைதான்.

கொம்பையா இன்னும் அகப்படவில்லை. ஏன் செய்தான் என்பதற்கு நாலு கதை உண்டு. நாலும் நாங்கள் கட்டியவை.

அவன் பெண்டாட்டி மகளைக் கூட்டிக்கொண்டு திருப்பூருக்குக் குடிபோனாள். தை மாதம் மகளுக்குக் கல்யாணம். குப்பாண்டியைவிட இரண்டு வயது மூத்தவள் என்றாலும், முறைப்படி அவனுக்குப் பேசியிருக்க வேண்டிய பெண். தெருவில் ஒரே ஒரு வீட்டுக்குப் பத்திரிகை வந்தது.

அந்த முழுக்கைச் சட்டையைப் பையில் வைத்துக்கொண்டு அவள் கிளம்பினாள். ஒரு காதில் ஏழு கல், ஒரு காதில் ஆறு. ஏழாவது கல் கோர்ட்டில் இருக்கிறது.

பஸ் நிறுத்தம் வரைக்கும் போய், துணைக்கு வரட்டுமா என்று கேட்டோம்.

“ஃபோன் வச்சிருக்கவ யாரும் வேணாம்” என்றாள்.

நாலு பேரும் இடுப்பில் செருகியிருந்ததை முந்தானையால் மூடிக்கொண்டோம்.