மிஞ்சிய ஆட்கள்

கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே, பிராண்ட்லியின் ஆட்கள் நின்ற மூலையில் மூச்சுவிட இடமில்லை.

போன மாதம் வரை எங்கள் எல்கோ ஊரில் அந்த வேட்பாளரின் பெயரைத் தப்பில்லாமல் சொல்லக்கூட யாருக்கும் தெரியாது. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் அவர் ஜெயித்த செய்தி வந்ததோ இல்லையோ, பல் டாக்டர், பெட்ரோல் பங்க் முதலாளி, தேவாலயப் பாட்டுக்குழு மொத்தமும் பிறந்ததிலிருந்தே அவருடைய ஆட்கள் ஆகிவிட்டார்கள். ஓசியில் கொடுத்த, பன்றிக்கறி சொரிசோ வைத்த ரொட்டியைத் தின்றுகொண்டு, மோவாயில் எண்ணெய் வழிய, எங்களைப் பார்த்துக் கையசைத்தார்கள். பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

எங்கள் கட்சியில் ஜனாதிபதி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க ஓட்டுச் சீட்டெல்லாம் கிடையாது. பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்தில் அவரவருக்குப் பிடித்தவரின் மூலையில் போய் நிற்க வேண்டும். மறு எண்ணிக்கையிலும் நூற்றுக்குப் பதினைந்து பேர் சேராத மூலையைக் கலைத்துவிடுவார்கள்; அங்கே நின்றவர்கள் வேறு மூலைக்குப் போகலாம்.

லோரிங் அம்மாவுக்காக நான் நின்ற மூலையில் அந்தக் கணக்குக்கு மூன்று பேர் குறைந்தார்கள்.

குளிர்காலம் முழுக்க அந்த அம்மாவுக்காக வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டியவள் நான். மறு எண்ணிக்கைக்குக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். எல்லாரும் குனிந்து தங்கள் பூட்ஸைப் பார்த்துக்கொண்டார்கள்.

அப்போதுதான் பிராண்ட்லி மூலையிலிருந்து கிராசியன் பிரிந்து வந்தான். அவன் பின்னால் இன்னும் இரண்டு பேர்.

கிராசியன் என் தம்பி. அப்பா செத்த வாரமே அவர் வளர்த்த ஆடுகளை விற்றவன். தேவாலய வாசலில் ஊரே பார்க்க அவனைப் பிணந்தின்னி என்று திட்டினேன். ஆறு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. கடையில் எதிர்ப்பட்டால் வேறு வரிசைக்குப் போய்விடுவான்.

"உன் பக்கத்துல நின்னுக்கட்டுமாக்கா?" என்றான்.

நகர்ந்து இடம் கொடுத்தேன். எங்கள் மூலையில் எல்லாரும் கைதட்டினார்கள். தேர்தலாவது மண்ணாங்கட்டியாவது, தம்பி வந்துவிட்டான் என்றுதான் எனக்கு இருந்தது.

அவன் குனிந்து, என்னைச் சந்தோஷப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு, காதோரம் சொன்னான்.

"கவலப்படாதக்கா, ஹட்லிதான் எங்கள அனுப்பிச்சாரு. எங்க மூலையில ஆள் மிஞ்சிக் கெடக்கு."

ஹட்லிதான் எங்கள் ஊரில் பிராண்ட்லிக்காக ஆள் திரட்டுகிறவர். கையில் கால்குலேட்டரை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். கணக்கு எனக்குப் புரிந்துவிட்டது. என் மூலை கலைந்தால் எங்களில் பெரும்பாலோர் இன்னொரு வேட்பாளரான ஸ்டாக்கரின் மூலைக்குப் போவார்கள். தலைக்கணக்குப்படி கட்சி மாநாட்டுக்கு ஸ்டாக்கருக்கு ஒரு பிரதிநிதி கூடும், பிராண்ட்லிக்கு ஒன்று குறையும். அது நடக்காமலிருக்க எங்களுக்கு மூன்று பேர் பிச்சை. அந்த மூவரில் என் தம்பியும் இருந்தால் நான் வாயைத் திறக்கமாட்டேன் என்று அந்த ஆளுக்குத் தெரிந்திருக்கிறது.

முன்னணியில் இருப்பவனின் பலம் இதுதான். தேவைக்கு மேல் மனிதர்கள். மிச்சத்தை எதிராளிக்கு இரவல் கொடுக்கலாம்.



கோட்டை எடுத்துக்கொண்டு கூடத்தின் குறுக்கே நடந்தேன், நேராக ஸ்டாக்கர் மூலைக்கு. டிவியில் ஸ்டாக்கரின் முகம் வந்தாலே சேனலை மாற்றுகிறவள் நான். பின்னால் லோரிங் ஆட்கள் என்னைக் கூப்பிட்டுக் கத்தினார்கள். நான் போனதில் ஒரு தலை குறைந்து, மூலை கலைந்தது. தட்டிய கதவுகள் அத்தனையும் வீண். வீணாகட்டும்.

ஸ்டாக்கர் ஆட்கள் என்னை வரவேற்று ஏதேதோ சொன்னார்கள். சுவரைப் பார்த்து நின்றுகொண்டேன்.

சற்று நேரத்தில் பக்கத்தில் யாரோ வந்து நிற்பது தெரிந்தது. கிராசியன்.

இதற்கும் ஹட்லிதான் அனுப்பினாரா என்று திரும்பிப் பார்த்தேன்.

அங்கே ஹட்லி முகமெல்லாம் சிவந்துபோய், இவனைத் திரும்பி வரச் சொல்லிக் கையை ஆட்டிக்கொண்டிருந்தார். தம்பி அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.