கதையில் இல்லாதது

"இது சுத்த ஏமாத்து வேலைடி!"

நீதிபதி பொரிந்து தள்ளினாள். ஏழாம் வகுப்பில் அவளுக்கு அதுதான் பெயர்.

வருஷம் முழுக்க இங்கிலீஷ் டீச்சர் ஒரே கதைப் புத்தகத்தைத்தான் வாசித்துக் காட்டினார். வாரம் ஓர் அத்தியாயம். கேட்டுவிட்டு, அவரவர் சொந்த இங்கிலீஷில் அதைத் திருப்பி எழுத வேண்டும். தப்பும் தவறுமாக எழுதினால்கூட டீச்சர் திட்டமாட்டார். ஒரே ஒரு விதி: கதையில் இல்லாததைச் சேர்க்கக் கூடாது.

ஒருத்தன் சும்மா இருக்காமல் ஒரு நாய்க்குட்டியைச் சேர்த்து எழுதிவிட்டான். டீச்சர் வாய் திறப்பதற்குள் இவள் எழுந்துவிட்டாள்.

"டீச்சர், அந்த நாய் எந்தப் பக்கத்துல குரைச்சுதுன்னு கேளுங்க!"

அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர்.

கப்பலில் சமையல் வேலைக்குப் போன அம்மாவுக்காகத் துறைமுகத்தில் காத்திருக்கும் ஒரு சின்னப் பெண்ணின் கதை அது. தூரத்தில் கப்பல் தெரிந்துவிட்டது. ஒரே ஓர் அத்தியாயம்தான் பாக்கி.

இன்று பள்ளியின் கடைசி நாள். டீச்சர் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. "மிச்சத்தை நீங்களே கற்பனை பண்ணிக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

"வாசிக்கச் சோம்பல். வேற என்ன?" என்றாள் நீதிபதி.

பக்கத்தில் உட்காரும் சுருட்டை அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ போய்க் கேளுடி. அந்த அம்மா இறங்கினாங்களா இல்லையான்னு மட்டும் எனக்குத் தெரிஞ்சா போதும். நாளைக்குச் சித்தப்பா வந்து என்னை அவர் ஊருக்கே கூட்டிட்டுப் போயிடுவார். அப்புறம் நான் யாரைக் கேப்பேன்?"

சுருட்டையை வாசலில் நிறுத்திவிட்டு, நீதிபதி ஆசிரியர் அறைக்குள் போனாள்.

"டீச்சர், கடைசி அத்தியாயத்தை ஏன் வாசிக்கல?"

"நீ வருவேன்னு தெரியும்." டீச்சர் பையிலிருந்து புத்தகத்தை எடுத்து நீட்டினார். "உட்கார்ந்து படி."

படித்தாள். கப்பல் கரைக்கு வந்தது. எல்லோரும் இறங்கினார்கள். ஏணியையும் எடுத்துவிட்டார்கள். சின்னப் பெண் தனியாக வீட்டுக்கு நடந்தாள்.

பக்கத்தைத் திருப்பினாள். அதற்கு மேல் கதை இல்லை.

டீச்சர் குரலைத் தாழ்த்தினார். "இதை ஆரம்பிச்சப்ப உன் பக்கத்துல உட்கார்றவளோட அம்மா வீட்டுலதான் இருந்தாங்க. நடுவுல வெளிநாட்டு வேலைக்குப் போவாங்க, போனதோட ஒரு போன்கூட வராதுன்னு நான் கண்டேனா?"

நீதிபதி புத்தகத்தை மூடித் திருப்பி நீட்டினாள்.

"படிச்சுட்டே. சொல்றதும் சொல்லாததும் இனி உன் இஷ்டம்."

வாசலில் சுருட்டை நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"என்னடி ஆச்சு? இறங்கினாங்களா?"

"இறங்கினாங்க."

"நிஜமாவா?"

"கூட்டமெல்லாம் போனதுக்கு அப்புறம், கடைசி ஆளா. அதான் அந்தப் பொண்ணுக்கு முதல்ல தெரியல."

"அடிப்பாவி, எவ்வளவு நேரம் தவிக்க விட்டுட்டாங்க!" சுருட்டை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சும்மாவா வந்திருப்பாங்க? அவளுக்கு என்ன கொண்டு வந்தாங்க?"

நீதிபதி ஒரு நொடி யோசித்தாள்.

"ஒரு நாய்க்குட்டி" என்றாள்.