சத்தம் நின்ற இடம்

மேட்னி ஷோ. திரையில் வயதான மதகுரு பிரசங்க மேடையில் நிற்கிறார். எதிரே ராணுவத் தளபதியின் ஆட்கள் துப்பாக்கியோடு நிற்கிறார்கள். அவர் வாயைத் திறக்கிறார். சத்தம் வரவில்லை. உதடுகள் மட்டும் அசைகின்றன. "ஸ்பீக்கர் போச்சா?" என்கிறது ஒரு குரல். "இல்லப்பா, இந்த வசனத்த சென்சார்ல அமுக்கிட்டாங்க" என்கிறது இன்னொன்று. நடு வரிசையில் தையற்காரர் தன் மனைவியின் பக்கம் திரும்புகிறார். அவளுக்குப் பிறந்ததிலிருந்து காது கேட்காது. எந்தப் படத்துக்குப் போனாலும் அவளுக்கு விளங்காததை இவர்தான் கையசைத்துச் சொல்வார். இன்று அவள் இவரை முழங்கையால் இடிக்கிறாள். அந்த உதடுகளை வரி விடாமல் படித்தபடி, திரையின் வெளிச்சத்தில் விரல்கள் பறக்க அவள் சைகையில் சொல்கிறாள். படம் வந்த நாளிலிருந்து கதவோரம் காவலுக்கு நிற்கும் போலீஸ்காரரைத் தையற்காரர் திரும்பிப் பார்த்துக்கொள்கிறார். முன் சீட்டுக்காரர், "அவங்க என்னண்ணே சொல்றாங்க?" என்கிறார். அவள் மறுபடி இடிக்கிறாள். "செத்தவங்க பேர..." தையற்காரர் அவள் விரல்களை இன்னொரு முறை பார்த்துக்கொள்கிறார். "செத்தவங்க பேர வாராவாரம் இங்க வாசிப்பேன். நிறுத்தணும்னா என்னைச் சுடுங்க." சீட்டுகளின் கிறீச்சு அடங்குகிறது. கதவோரத்தில் போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்கிறார்: "பின்னாடி கேக்கல. சத்தமா சொல்லுங்க."