ஆத்தாளின் உத்தரவு

“கத்தி வெக்கறதுன்னா வேண்டாங்க சிஸ்டர். எங்கப்பனைக் கத்தி வெச்சுத்தான் பறிகுடுத்தோம். இவளை ஊட்டுக்கே கூட்டிட்டுப் போயிர்றேன்.”

மருதாசலம் ஒரே பிடியாக நின்றான். உள்ளே அவன் மனைவி கண்ணாத்தாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு துடித்தாள்.

“குடல்வாலுங்க. வெடிச்சுதுன்னா உசுருக்கே ஆபத்து. கையெழுத்துப் போடுங்க” என்று கெஞ்சினாள் நர்ஸ் சாரதாமணி.

நாமக்கல்லின் அந்த ஆஸ்பத்திரியில் இந்த 1980-ஆம் வருஷத்தோடு பத்து வருஷமாக, ஆபரேஷன் மேஜையில் டாக்டருக்கு எதிரே நிற்பவள் அவள். கத்தரியோ கிளாம்ப்போ, அவர் கேட்குமுன் கையில் வைத்துவிடுவாள். கடைசித் தையலும் பெரும்பாலும் அவளுடையதுதான். கையெழுத்து வாங்கி ஆளை மேஜையில் ஏற்றுவதும் அவள் தலையில்தான் விழும். டாக்டரோ கை கழுவிக்கொண்டு தயாராகக் காத்திருந்தார்.

“மாரியாத்தாகிட்டப் பூக் கேட்டுப் பாப்போம் சாமி” என்றாள் மருதாசலத்தின் தாய் காளியாத்தாள். “வெள்ளை வந்தாக் கத்தி வெக்கட்டும். செவப்பு வந்தாக் கெளம்பிரலாம்.”

“ஆத்தா சொன்னாச் சரி” என்றான் அவன்.

சாரதாமணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உயிர் ஊசலாடும் நேரத்தில் இந்தக் கிழவிக்குப் பூக் கேட்கத் தோன்றுகிறதே!

காளியாத்தாள் வாசலில் இருந்த அரளிச் செடிகளில் பூப் பறித்து, இலையில் மடித்து, வராந்தாவிலிருந்த மாரியம்மன் படத்தடியில் இரண்டு பொட்டலங்களாக வைத்தாள். “நீயே ஒண்ணு எடு அம்மிணி” என்றாள் சாரதாமணியிடம்.

அதற்குள் சாரதாமணியும் சும்மா இருக்கவில்லை. அதே போல வெள்ளை அரளியை மடித்த ஒரு பொட்டலத்தைக் கைக்குள் ஒளித்திருந்தாள். குனிந்து ஒன்றை எடுத்தவள், நொடியில் மாற்றி நீட்டினாள். தியேட்டரில் பழகிய கை. ஈ, காக்கைக்குக்கூடத் தெரியவில்லை.

மருதாசலம் பிரித்தான். வெள்ளை! கன்னத்தில் போட்டுக்கொண்டு கையெழுத்துப் போட்டான்.

கண்ணாத்தாள் பிழைத்தாள். ஆனாலும் தெய்வ காரியத்தில் விளையாடிவிட்டோமே என்று சாரதாமணிக்கு மனசு கேட்கவில்லை. சாயங்காலம் காளியாத்தாளைத் தனியே அழைத்து நடந்ததைச் சொன்னாள். “மன்னிச்சுக்குங்கம்மா, நீங்க வெச்சது இதுதானுங்க” என்று, எடுத்து ஒளித்த பொட்டலத்தை நீட்டினாள்.

காளியாத்தாள் சிரித்துக்கொண்டே அதைப் பிரித்தாள். உள்ளே வெள்ளை அரளி. படத்தடியில் மிஞ்சிய மற்றதையும் மடியிலிருந்து எடுத்துப் பிரித்தாள். அதிலும் வெள்ளை அரளிதான்.

“எம்பட பையன் வேற யாரு சொன்னாலும் கேக்க மாட்டான் அம்மிணி!”